மறதி நோயாளரைப் பார்த்துக்கொள்வோரின் சுமை: தமிழாக்கிய வினாப்பட்டியலைச் சோதிக்கும் முறை

மறதி நோய் (டிமென்ஷியா) வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள் என்பதை எண்ணால் அளப்பதற்காக, 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் 29 கேள்விகள் கொண்ட ஒரு பேட்டிப் படிவத்தை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அது 22 கேள்விகளாகச் செப்பனிடப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 0 முதல் 88 வரை. பராமரிப்பாளரின் சுமையை அளக்க உலகில் அதிகம் எடுத்தாளப்படும் கருவிகளுள் இது ஒன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீடுதான். வீடு என்றால் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள்.

செவிலியர் பட்ட மேற்படிப்பு, சமூகப்பணி, உளவியல் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் பலர் இந்தப் படிவத்தைத் தமிழில் பயன்படுத்த விரும்புகிறார்கள். அவர்களில் கணிசமானோர் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒருவர் மொழிபெயர்க்கிறார், இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புகிறார், 100 பேரிடம் நிரப்பி வாங்கி, குரோன்பாக் ஆல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.9 வந்தது என்று எழுதி, "தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டது" என முடித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கப்பட்டவரின் காதில் அது எப்படி விழுந்தது என்பதை இதில் யாருமே பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கான வேலையே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. கணக்கு அதற்குப் பிறகுதான்.

அனுமதி

ஸாரிட் படிவம் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அதை மொழிபெயர்க்கவும் பயன்படுத்தவும் பிரான்சில் லியோன் நகரில் உள்ள மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் வழியாக அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே தமிழ் வடிவம் ஏதும் ஏற்கெனவே இருக்கிறதா, அது இந்தியத் தமிழுக்கா, இலங்கைத் தமிழுக்கா, மலேசியா அல்லது சிங்கப்பூர்த் தமிழுக்கா என்றும் கேட்டுவிடுங்கள். மறதி நோயைப் பல நாடுகளில் ஆராயும் 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் நடத்திய கள ஆய்வுகளில் இந்தப் படிவம் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே தமிழில் இதை முதன்முதலில் கேட்கப்போவது நாம்தான் என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்கெனவே ஒரு வடிவம் இருந்தால் புதிதாக மொழிபெயர்க்காமல் அதையே எடுத்துச் சோதிப்பது நல்லது. ஒரே படிவத்துக்கு நான்கு தமிழ் வடிவங்கள் உலவினால், ஓர் ஆய்வின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாமல் போகும்.

மொழிபெயர்ப்பு

புதிதாக மொழிபெயர்க்கத்தான் வேண்டும் என்றால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்கு மறதி நோய் பற்றித் தெரிந்திருக்கலாம். மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, ஏனெனில் அவர்தான் பொதுமக்களின் சொல்லைக் கொண்டுவருவார். பிறகு மூவர் அல்லது நால்வர் அமர்ந்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். அந்த அமர்வில் எந்தச் சொல்லை ஏன் ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆய்வேட்டில் மிகவும் பயன்படப்போவது அந்த நோட்டுதான்.

இந்த 22 கேள்விகளில் தமிழுக்கு வரும்போது இடறும் இடங்கள் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை. முதலாவது, நோயாளரைக் குறிக்கும் சொல். மூலத்தில் உள்ளதை அப்படியே "உங்கள் உறவினர்" என்று எழுதினால் கணவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவி திகைத்துப்போவார். தமிழில் கணவனும் தாயும் உறவினர் அல்லர், உறவினர் என்றால் கல்யாணத்துக்கு வருபவர். ஆகவே அந்த இடத்தைக் கோடிட்டு விட்டு, பேட்டி காண்பவர் "உங்க வீட்டுக்காரர்", "உங்க அம்மா", "உங்க மாமியார்" எனப் பொருத்தமானதை நிரப்பிக்கொள்ளுமாறு அமைப்பதே சிறந்தது.

இரண்டாவது, பதினோராவது கேள்வி. தனக்கென்று ஒரு மறைவு, பிறர் எட்டிப் பார்க்காத இடமும் நேரமும் இல்லாமல் போய்விட்டதா என்பதே அதன் உட்பொருள். "தனிமை" என்று எழுதினால், துணையின்றி இருப்பது என்று எதிர்ப்பொருளில் போய்விடும். "அந்தரங்கம்" என்றால் பலருக்குத் தாம்பத்தியம் நினைவுக்கு வருகிறது. அறுபது வயது அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தனியுரிமை" சட்டப் புத்தகத்துச் சொல். ஒற்றைச் சொல்லைத் தேடாமல், "உங்களுக்கென்று ஒதுங்கி இருக்க இடமோ நேரமோ கிடைக்காமல் போய்விட்டதாக நினைக்கிறீர்களா" என்று விரித்துக் கேட்பதே வழி.

மூன்றாவது, "சுமை" என்ற சொல்லே. கடைசிக் கேள்வி, மொத்தத்தில் இந்தப் பொறுப்பு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று நேராகக் கேட்கிறது. "அம்மா எனக்குச் சுமையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அதுவரை உண்மையாகப் பேசிவந்த மகள் பூஜ்யத்தைச் சொல்லிவிடுவார். சுமையாக இருப்பது அம்மா அல்ல, பார்த்துக்கொள்ளும் வேலை என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். "அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மொத்தத்தில் உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது" என்றால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் விடைத் தெரிவுகள் வேறு என்பதையும் மறவாதீர்கள்: மற்ற 21 கேள்விகள் எவ்வளவு அடிக்கடி என்று கேட்கின்றன, இது எந்த அளவுக்கு என்று கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே தெரிவுகளைப் போட்டுவிடும் தட்டச்சுப் பிழை எளிதில் நேரும்.

அந்த 21 கேள்விகளுக்கான ஐந்து தெரிவுகளையும் தனியாகச் சோதிக்க வேண்டும். "இல்லவே இல்லை", "எப்போதாவது", "சில சமயம்", "அடிக்கடி", "கிட்டத்தட்ட எப்போதும்" என்று எழுதினால் தாளில் வரிசை சரியாகத்தான் தெரியும். வாய்மொழியில் "எப்பவாச்சும்" என்பதும் "சில சமயம்" என்பதும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எது அதிகம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐந்து சொற்களையும் ஐந்து அட்டைகளில் எழுதி, பத்துப் பேரிடம் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் மாற்றி அடுக்கினாலும் அந்தச் சொல்லை மாற்றுங்கள். "எப்போதாவது ஒரு முறை" என்று இரண்டு சொல் கூட்டினால் பெரும்பாலும் இந்தக் குழப்பம் தீர்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு, காலியிலிருந்து நிரம்பியது வரை ஐந்து டம்ளர்கள் வரைந்த அட்டை நன்றாக உதவுகிறது.

இன்னொரு சிக்கல் நம் மொழிக்கே உரியது. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. "தங்களது உடல்நலம் பாதிக்கப்பட்டுள்ளதாக உணர்கின்றீர்களா" என்று படிவத்தில் இருந்தால், பேட்டி காண்பவர் அதை வாசிக்கமாட்டார். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி பேச்சுத்தமிழில் சொல்வார்கள். அப்போது ஐந்து பேட்டியாளர்களிடம் இருப்பது ஐந்து வெவ்வேறு படிவங்கள். ஆகவே வாசித்தாலும் செயற்கையாகத் தோன்றாத, பேச்சுக்கு நெருக்கமான எளிய நடையில் எழுதி, அதை மாற்றாமல் வாசிக்கப் பயிற்சி கொடுங்கள். "டென்ஷன்" போன்ற வந்த சொற்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம்; "மன அழுத்தம்" என்பதைச் சிலர் மனநோயின் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு, மூலத்தைப் பார்த்திராத ஒருவர் தமிழ் வடிவத்தை ஆங்கிலத்துக்கு மீள்மொழிபெயர்ப்புச் செய்ய வேண்டும். இந்தப் படிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மதிப்பு மிகையானது என்பது என் கருத்து. ஸாரிட் படிவத்தை முன்பே அறிந்தவர் "தனிமை" என்ற தவறான சொல்லையும் சரியான ஆங்கிலச் சொல்லாகவே ஊகித்துத் திருப்பிவிடுவார், பிழை மறைந்துவிடும். முழுப் பொருள் மாற்றங்களைப் பிடிக்க மட்டுமே இது உதவும்.

புரிதல் பேட்டி

எல்லாப் படிகளிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான். உண்மையில் மறதி நோயாளரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, விடை வாங்கிய பின், "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள்?", "எதை நினைத்து இந்த விடையைச் சொன்னீர்கள்?" என்று கேட்க வேண்டும். கிடைத்ததை வைத்துத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி கேட்க வேண்டும். புதிய குழப்பம் எதுவும் வராத வரைக்கும் இந்தச் சுற்று தொடரும். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் பிடிக்கும். வயது, படிப்பு, ஊர், உறவுமுறை ஆகியவற்றில் வேறுபட்டவர்களாக இருக்க வேண்டும். துறை மாணவர்களை உட்கார வைத்துக் கேட்பது புரிதல் பேட்டி ஆகாது.

நான் உடனிருந்த ஒரு பேட்டியில், உலகில் தன்னை விட்டால் வேறு யாருமே இல்லை என்பதுபோல நோயாளர் தன்னிடமே எதிர்பார்ப்பதாகத் தோன்றுகிறதா என்ற பதினான்காவது கேள்விக்கு, மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகள் சட்டென்று "எப்பவும்தான்" என்றார். முகத்தில் சலிப்பு இல்லை, ஒரு மலர்ச்சி இருந்தது. எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டதும், "பெத்த பிள்ளைங்க ஊட்டினாக்கூட மாமா வாயத் திறக்கமாட்டார். நான் போனாத்தான் சாப்பிடுவார்" என்றார். படிவத்தில் அந்த விடைக்கு 4 மதிப்பெண்; அது சுமையின் உச்சம் என்று கணக்கில் ஏறும். அவர் சொன்னதோ பெருமை. அந்தக் கேள்வியில் "எதிர்பார்க்கிறார்" என்பதற்குப் பதில் "உங்களை மட்டுமே எதிர்பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக" என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமா என்று குழுவில் நீண்ட நேரம் பேசினோம். சேர்த்தால் மூலத்திலிருந்து விலகுகிறோம். சேர்க்காவிட்டால் பெருமையைச் சுமையாக எண்ணுகிறோம். இப்படிப்பட்ட இடத்தில் தன்னிச்சையாக முடிவெடுக்காமல் உரிமை வைத்திருப்போரிடம் எழுதிக் கேட்பதும், இரண்டு வாக்கியங்களையும் அடுத்த சுற்றில் சோதித்துப் பார்ப்பதும்தான் முறை.

இதேபோல இருபதாவது, இருபத்தொன்றாவது கேள்விகளையும் கூர்ந்து கவனியுங்கள். இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும், இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று தோன்றுகிறதா என்று அவை கேட்கின்றன. "பெத்தவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் போதாதே" என்பது நம்மிடம் குற்ற உணர்வு இல்லாமலும் சொல்லப்படும் வாக்கியம். வேறு மொழிகளிலும் இந்த இரண்டு கேள்விகளும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழிலும் அப்படி நின்றால் உடனே மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

யாரிடம், எங்கே கேட்பது

முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்பதை முன்கூட்டியே வரையறுத்து எழுதிவிட வேண்டும்; குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் எழுந்து பார்ப்பது ஆகியவற்றை அதிக நேரம் செய்பவர் என்று வரையறுப்பது நல்லது. இதைச் செய்யாமல் வீட்டுக்குள் போனால், கூடத்து நாற்காலியில் மகன் அமர்ந்து எல்லாக் கேள்விக்கும் விடை சொல்வார். வேலை முழுவதையும் செய்பவர் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "ராத்திரி அவர் எழுந்தா யார் எழுந்திருப்பீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், உண்மையான ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பேட்டி தனியிடத்தில் நடக்க வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இருக்கும்போது, கோபம் வருகிறதா, வேறு யாரிடமாவது இந்தப் பொறுப்பை விட்டுவிடத் தோன்றுகிறதா போன்ற கேள்விகளுக்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது. நோயாளரின் காதுபடக் கேட்பதோ அதைவிடத் தவறு. மறதி நோயாளருக்குச் சொற்கள் நழுவினாலும் குரலின் தொனி புரியும்.

களத்துக்குப் போகும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்தப் பேட்டியில் மனம் உடைந்து அழுபவர்கள் உண்டு. இனி முடியாது என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன செய்வது என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாரிடம் அனுப்புவது, எந்த நாளில், யார் பின்தொடர்ந்து விசாரிப்பது என்ற விவரங்களோடு, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐயும் ஒரு சீட்டில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு எழுந்து வருவது மட்டுமே நம் வேலை என்று பேட்டியாளர்கள் நினைத்துவிடக் கூடாது.

எத்தனை பேர்

காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கேள்விகள் ஒன்றாகக் குழுசேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்வதானால் கேள்விகளின் எண்ணிக்கையைப்போல் குறைந்தது ஏழு மடங்கு, அதுவும் நூறுக்குக் குறையாமல் என்பது நல்ல அளவுகோல். 22 கேள்விகளுக்கு 154 பேர். மறுசோதனைக்கு அவர்களில் குறைந்தது 50 பேரிடம் மீண்டும் கேட்க வேண்டும், 100 பேர் கிடைத்தால் நல்லது. இரண்டு பேட்டிகளுக்கும் நடுவே சுமார் இரண்டு வாரம் இருக்கட்டும். மிக நெருக்கமாக இருந்தால் பழைய விடை நினைவில் நிற்கும், மிகத் தள்ளிப்போனால் நிலைமையே மாறிவிடும். அந்த இரண்டு வாரத்தில் வெளியூர்ப் பிள்ளை வந்து பத்து நாள் தங்கியிருந்தால், நோயாளர் விழுந்து இடுப்பு முறிந்திருந்தால், மதிப்பெண் மாறுவதுதான் நியாயம். ஆகவே இரண்டாம் பேட்டியின் தொடக்கத்தில் "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டு, மாறியவர்களை இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவையுங்கள். பேட்டியாளரும் இரண்டு முறையும் ஒருவராகவே இருப்பது நல்லது.

கணக்கு

முதலில் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே பாருங்கள். விடை சொல்லாமல் விட்டவர்கள் எந்தக் கேள்வியில் அதிகம்? எதற்கு எல்லோரும் பூஜ்யமே சொல்கிறார்கள்? எந்தக் கேள்வி மொத்த மதிப்பெண்ணோடு ஒட்டாமல் நிற்கிறது? மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மிகக் குறைந்த எல்லையிலோ மிகக் கூடிய எல்லையிலோ குவிந்தால், அந்தப் பகுதியில் படிவத்தால் வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை என்று பொருள்.

குரோன்பாக் ஆல்பா 0.70-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை மட்டுமே சொல்கிறது. கேள்விகளின் எண்ணிக்கை கூடினால் ஆல்பாவும் கூடும். 22 கேள்விகளில் 0.9 வருவது பெரிய சாதனை அல்ல. எல்லாக் கேள்விகளையும் ஒரே விதமாகத் தவறாகப் புரிந்துகொண்டாலும் ஆல்பா உயர்வாகவே வரும். 0.95-ஐயும் தாண்டினால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமா என்று ஐயப்பட வேண்டும்.

மறுசோதனைக்கு இன்ட்ராகிளாஸ் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு முறையும் கிடைத்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒன்றாக இருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணை) பயன்படுத்துங்கள். சாதாரண பியர்சன் கெழு, எல்லோருக்கும் பத்து மதிப்பெண் கூடியிருந்தாலும் முழு ஒற்றுமை என்றே காட்டும். இன்ட்ராகிளாஸ் கெழுவிலிருந்து அளவீட்டுத் திட்டப்பிழையையும் (ஒருவரின் மதிப்பெண்ணில் தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கத்தையும்) கணக்கிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 15, ஒட்டுறவுக் கெழு 0.90 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.90-ஐக் கழித்தால் 0.10, அதன் வர்க்கமூலம் சுமார் 0.316, 15-ஆல் பெருக்கினால் திட்டப்பிழை 4.74. இதை 1.96-ஆலும் 2-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 13 வரும். அதாவது ஒரு தனி நபரின் மதிப்பெண் 13-க்கு மேல் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். பயிற்சி முகாமுக்குப் பின் ஒருவரின் மதிப்பெண் 46-லிருந்து 38-க்கு இறங்கியதை வைத்து அவருடைய சுமை குறைந்துவிட்டது என்று சொல்ல இந்தப் படிவம் இடம் தராது. மனநலப் பணியாளருக்கு அன்றாடம் தேவைப்படும் இந்த எண்ணை ஆய்வேடுகளில் அரிதாகவே பார்க்கிறேன்.

ஏற்புடைமையை, அதாவது படிவம் உண்மையில் சுமையைத்தான் அளக்கிறதா என்பதை, சோதிக்க, என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பராமரிப்பாளரின் மனச்சோர்வு மதிப்பெண்ணோடு சுமை மதிப்பெண் ஓரளவு வலுவாக ஒட்டும். நோயாளரின் மறதி அளவைவிட அவருடைய கோபம், அலைச்சல், சந்தேகம், தூக்கமின்மை ஆகியவற்றோடு கூடுதலாக ஒட்டும் என்பன போன்ற கணிப்புகள் இவை. குடும்பத்தாரின் வருகையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1980-இல் 29 பேரிடம் நடந்த அந்த முதல் ஆய்வில், நோயாளரின் நடத்தைச் சிக்கல்களோடு சுமை ஒட்டவில்லை. மற்ற குடும்பத்தினர் எவ்வளவு அடிக்கடி வந்து போகிறார்கள் என்பதோடுதான் ஒட்டியது. வந்து போவோர் கூடினால் சுமை குறைந்தது. கூட்டுக்குடும்பம் கலைந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் இதைச் சோதிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

காரணிப் பகுப்பாய்வில், தனிப்பட்ட நெருக்கடி, பொறுப்பு நெருக்கடி என இரு காரணிகளாக 1991-இல் முன்வைக்கப்பட்ட அமைப்பு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். விடைகள் படிநிலைத் தரவு (வரிசை உண்டு, ஆனால் படிகளுக்கு இடையிலான தூரம் சமம் என்று சொல்ல முடியாது) என்பதால் அதற்கேற்ற முறையைப் புள்ளியியலாளரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

சுமையைக் குறைவிலிருந்து கடுமை வரை பிரிக்கும் 0–20, 21–40, 41–60, 61–88 என்ற வழக்கமான எல்லைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். வாய்விட்டுக் குறை சொல்லாத இடத்தில் 35 என்பதே கடுமையான சுமையாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் யாருக்கு உதவி தேவைப்பட்டது என்பதைத் தனியே மதிப்பிட்டு, அதனோடு ஒப்பிட்டுத்தான் எல்லையைக் குறிக்க முடியும். அது இன்னொரு ஆய்வுக்கான வேலை.

எழுதும்போது

"தமிழில் சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், எந்த மாவட்டத்தில், எத்தனை பேரிடம், படித்துக்காட்டியா அல்லது அவர்களே நிரப்பியா, மனைவியர் எத்தனை பேர், மருமகள்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் எழுதுங்கள். மதுரையில் சோதித்த வடிவம் யாழ்ப்பாணத்திலோ மலேசியாவின் கிள்ளானிலோ அப்படியே செல்லாது. யாழ்ப்பாணத்தில் "கரைச்சல்" என்று இயல்பாக வரும் இடத்தில் நம் "தொந்தரவு" அந்நியமாக ஒலிக்கலாம். அங்கே புரிதல் பேட்டியையாவது மறுபடி நடத்த வேண்டும். எந்தக் கேள்வியில் தோற்றோம் என்பதையும், எந்தச் சொல்லை மூன்று முறை மாற்றினோம் என்பதையும் இணைப்பாகக் கொடுங்கள். இறுதிப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வடிவ எண்ணையும் தேதியையும் அச்சிட்டு, பழைய பிரதிகளைக் களப்பணியாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள்.